செட்டிநாட்டு வீட்டில் இயற்கைத் தோட்டம்: 24 பயனுள்ள குறிப்புகள்

"இந்தச் சரளைக் காட்டில் என்ன விளையும்?" காரைக்குடிப் பக்கம் வீட்டுத் தோட்டம் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கலந்த பூமி, வானம் பார்த்த கண்மாய்கள், சித்திரையில் சுட்டெரிக்கும் வெயில் என்று எல்லாம் சேர்ந்து அப்படிக் கேட்க வைக்கின்றன. ஆனால் இங்கே வீடு கட்டிய முன்னோர், மழை எங்கே விழும், வெயில் எங்கே படும் என்று பார்த்துத்தான் முற்றமும் பின்கட்டும் கிணறும் வைத்தார்கள். அந்த அமைப்பைப் பயன்படுத்திக்கொண்டால் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய கீரையும் காயும் வீட்டிலேயே எடுக்கலாம். இதற்கு ஒரே விதிதான்: கடையில் வாங்குவதைக் குறைத்து, வீட்டிலும் ஊரிலும் கிடைப்பதை மண்ணுக்குத் திருப்பிக் கொடுங்கள். கீழே உள்ள குறிப்புகள் எல்லாம் அந்த விதியை ஒட்டியவை.

இடமும் மண்ணும்

1. முதலில் வெயிலைப் பாருங்கள். கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய் போன்ற காய்ச்செடிகளுக்கு நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நாற்புறமும் தாழ்வாரம் சூழ்ந்த முற்றத்தில் உச்சி வேளையில் மட்டுமே வெயில் விழும் என்பதால் அங்கே புதினா, வெற்றிலை, கீரைத் தொட்டிகளை வைக்கலாம். காய்ச்செடிகளுக்குப் பின்கட்டுத் தோட்டமும் கிணற்றடியும்தான் ஏற்ற இடங்கள். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் வெயில் படும் இடத்தைக் குறித்துக்கொண்ட பிறகு பாத்தி போடுங்கள்.

2. பழைய மாடியில் பாரம் ஏற்றாதீர்கள். சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு ஒட்டுப்போட்ட பழைய தளம், ஈரமண் நிறைந்த தொட்டிகளின் எடைக்காகக் கட்டப்பட்டதல்ல. தொடர்ந்து ஈரம் பட்டால் மரச்சட்டங்கள் உளுத்துப்போகும். கான்கிரீட் தளம் உள்ள வீட்டில் மட்டும் மாடித்தோட்டம் போடுங்கள். அங்கேயும் தொட்டிகளைச் சுவர் ஓரமாக, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தளத்தில் தண்ணீர் தேங்காது, அடியில் காற்றும் போகும். வீட்டுக்குள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தொட்டியை நேரடியாக வைத்தால் கறை படியும். அடியில் தட்டு வையுங்கள்.

3. சரளை மண்ணில் மேட்டுப்பாத்தி போடுங்கள். ஒன்றரை அடி ஆழத்துக்குக் கொத்தி, பெரிய கற்களைப் பொறுக்கி எடுங்கள். காய்ந்த சருகு ஒரு அடுக்கு, மக்கிய எரு ஒரு அடுக்கு, மேல்மண் ஒரு அடுக்கு என நிரப்பித் தரைமட்டத்துக்கு மேல் அரை அடி உயர்த்துங்கள். பாத்தியின் அகலம் 3 அடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று கை எட்டினால் உள்ளே கால் வைக்கவே தேவையிருக்காது. மிதிபடாத மண் இறுகாது. அதில் வேர் தடையில்லாமல் இறங்கும்.

4. தொட்டிக் கலவையை எடை குறைவாக வையுங்கள். செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு கலந்து, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குத் தூள் சேருங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும். அதை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். கலவையை லேசாக நனைத்து ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டு விதை போடுங்கள்.

5. கரித்தூளை வீணாக்காதீர்கள். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலங்கரி எங்கும் கிடைக்கும். மூட்டையின் அடியில் தங்கும் தூளை அப்படியே மண்ணில் போட்டால், அது முதலில் மண்ணில் உள்ள சத்தையே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் தூளை மக்கிய எருவோடு கலந்து இரண்டு வாரம் ஈரமாக வைத்திருந்து பிறகு பாத்தியில் சேருங்கள். ஈரமும் சத்தும் சீக்கிரம் வடிந்துபோகும் சரளை மண்ணுக்கு, இரண்டையும் பிடித்துவைக்கும் கரி நல்ல துணை.

தண்ணீர்

6. கூரைத் தண்ணீரைப் பிடியுங்கள். ஓட்டுச் சரிவிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் மழையை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்துவைப்பதும், மிச்சத்தைக் கிணற்றுக்கோ ஊருணிக்கோ விடுவதும் இந்த ஊர்களின் பழைய ஏற்பாடு. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற செட்டிநாட்டு ஊர்களின் சிறப்புகளில் இந்த நீர் அமைப்பும் ஒன்று. 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறத்தாழ 900 லிட்டர் தண்ணீர். முதல் மழையைக் கூரையைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து தொட்டியில் சேருங்கள். ஆழ்குழாய்க் கிணற்றில் உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் நாற்றுக்கும் கீரைக்கும் இந்த மழைநீர்தான் மருந்து.

7. மானாமதுரைப் பானையைப் புதைத்துப் பாருங்கள். புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டம் நம் மாவட்டத்துச் சொத்து. பூச்சுப் பூசாத 5 லிட்டர்ப் பானை ஒன்றைப் பாத்தியின் நடுவில் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். பானையின் சுவர் வழியே கசியும் ஈரம் வேருக்குத் தேவையான அளவு மட்டும் போய்ச் சேரும். சுற்றிலும் ஒரு அடிக்குள் தக்காளி, மிளகாய், கத்தரிச் செடிகளை நடலாம். சில நாட்களுக்கு ஒருமுறை பானையைத் திறந்து பார்த்து நிரப்பினால் போதும். இரண்டு மூன்று நாள் வெளியூர் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

8. மண்ணை வெறுமையாக விடாதீர்கள். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பாடங்களில் மூடாக்கு முக்கியமானது. கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் வறண்ட நிலத்தில் அவர் உருவாக்கிய வானகம் பண்ணை இன்றும் அதற்குச் சாட்சி. வேப்பஞ்சருகு, தென்னை மட்டைத் துண்டு, வைக்கோல், கடலைத் தோல் என எது கிடைத்தாலும் செடியைச் சுற்றி மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை மட்டும் தொடாமல் சிறிது இடம் விடுங்கள். ஈரம் காக்கும், களை குறையும், நாளடைவில் அதுவே எருவாகும்.

9. அடுப்படித் தண்ணீரைப் பிரித்துப் பயன்படுத்துங்கள். அரிசி களைந்த தண்ணீரில் மண்டிக் குழம்பு வைத்தது போக மிஞ்சுவதை அன்றன்றே செடிக்கு ஊற்றலாம். காய் கழுவிய தண்ணீரும் அப்படியே. பாத்திரம் துலக்கிய, குளித்த தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள். வழியில் கல்வாழை நட்ட ஒரு மணல் குழியைத் தாண்டிப் போக வையுங்கள். சோப்புத் தண்ணீர் கீரைப் பாத்திக்கு வேண்டவே வேண்டாம்.

10. கொசுவுக்கு இடம் கொடுக்காதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கு நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். தொட்டிகளின் அடித்தட்டை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். மழைநீர்த் தொட்டியைக் கொசுவலையால் இறுகக் கட்டுங்கள். உடைந்த சட்டி, தேங்காய்ச் சிரட்டை எதுவும் தோட்டத்தில் நிமிர்ந்து கிடக்கக் கூடாது.

எரு

11. குப்பைத் தொட்டிக்குப் போவதை எருக்குழிக்குத் திருப்புங்கள். மூன்று பங்கு காய்ந்த சருகுக்கு ஒரு பங்கு காய்கறிக் கழிவு என்பது கணக்கு. துளையிட்ட பழைய டிரம்மில் மாற்றி மாற்றி அடுக்கி, இடையிடையே புளித்த மோரோ சாணக் கரைசலோ தெளியுங்கள். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கருத்து, மண்வாசனை வீசும் எரு கிடைக்கும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள், சருகைக் கூட்டுங்கள். எண்ணெய்ப் பலகாரம், எலும்பு, இறைச்சி போடாதீர்கள். தென்னை உள்ள வீடுகளில் எருவைக் கிளறும்போது தடித்த வெள்ளைப் புழுக்கள் தென்பட்டால் உடனே பொறுக்கி அழியுங்கள். தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு எருக்குழியில்தான் வளரும்.

12. ஆட்டெருவைத் தேடி வாங்குங்கள். "ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்" என்பது பழமொழி. ஆட்டுப் புழுக்கையின் பலன் சீக்கிரம் தெரியும். சிவகங்கைச் சீமையில் கிடை போடும் கீதாரிகளிடமும் ஆடு வளர்ப்பவர்களிடமும் சாக்குக் கணக்கில் கிடைக்கும். பச்சையாகப் போட்டால் சூடு தாங்காமல் செடி கருகும், களை விதையும் முளைக்கும். நனைத்து மூடி, நன்றாக மக்கிய பிறகு தொட்டிக்கு இரண்டு கைப்பிடி வீதம் மாதம் ஒருமுறை இடுங்கள்.

13. வீட்டளவில் ஜீவாமிர்தம் செய்யுங்கள். 10 லிட்டர் தண்ணீர், அரைக் கிலோ நாட்டு மாட்டுச் சாணம், அரை லிட்டர் கோமியம், 100 கிராம் வெல்லம், 100 கிராம் பயறு மாவு, மரத்தடி மண் ஒரு கைப்பிடி. இவற்றைப் பிளாஸ்டிக் வாளியில் கலந்து நிழலில் வைத்துக் காலையும் மாலையும் குச்சியால் கலக்குங்கள். மூன்றாம் நாள் தயார். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, ஈரமான மண்ணில் ஊற்றுங்கள். இது மண்ணில் உள்ள நுண்ணுயிர்களைப் பெருக்கும். ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

14. மீன் கழிவும் உரம்தான். மீன் ஆய்ந்தபின் மிஞ்சும் தலை, செதில், குடலை எடைக்கு எடை நாட்டு வெல்லத்தோடு கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் நிழலில் வையுங்கள். 21 நாள் கழித்துத் தேன் போன்ற கரைசல் கிடைக்கும். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வீதம் கலந்து மாலையில் தெளித்தால் இலை தழைக்கும். பூனை எட்டாத இடத்தில் வைப்பது முக்கியம்.

விதையும் பட்டமும்

15. பட்டம் தவறாதீர்கள். ஆடிப்பட்டத்தில் வெண்டை, கொத்தவரை, அவரை, பீர்க்கு, புடல், சுரை, பூசணி விதையுங்கள். கத்தரி, மிளகாய் நாற்றுவிடவும் அதுவே காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புதிதாக விதைக்காமல், இருக்கும் செடிகளுக்கு வடிகால் எடுத்துக் கொம்பு நட்டுக் கட்டுங்கள். மார்கழியும் தையும் தக்காளி, முள்ளங்கி, கொத்தமல்லி, கீரைக்கு ஏற்றவை. சித்திரை, வைகாசியில் தட்டைப்பயறு, வெண்டை, தண்டுக்கீரை தாக்குப்பிடிக்கும். அந்த இரண்டு மாதமும் 50 சதவீத நிழல்வலை கட்டினால் செடிகள் வாடாது.

16. உங்கள் அடுப்படியைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுங்கள். கோசமல்லிக்குக் கத்தரி, மண்டிக்கு வெண்டை, துவையலுக்குப் பிரண்டை, வத்தலுக்குச் சுண்டை, மணத்தக்காளி, கொத்தவரை. இவை எல்லாம் இந்த மண்ணுக்குப் பழகியவை. பிரண்டையும் சுண்டையும் அதிகக் கவனிப்புக் கேட்காமலே வளரும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குக் கத்தரி ஆறு செடி, வெண்டை பதினைந்து செடி, மிளகாய் ஆறு செடி, முருங்கை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று என்று தொடங்கலாம். சீக்கிரம் காய்க்க வேண்டுமென்றால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்.1 செடிமுருங்கை, விதைத்து ஆறு மாதத்தில் காய் தரும். செடி இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் பெருகும்.

17. விதையை நேர்த்தி செய்து போடுங்கள். விதைகளைச் சூடோமோனாஸ் நுண்ணுயிர்ப் பொடியில் (கிலோ விதைக்கு 10 கிராம் அளவு, வீட்டு விதைக்கு ஒரு சிட்டிகை) புரட்டி நிழலில் உலர்த்தி விதைத்தால் நாற்றழுகல் குறையும். பாகல், பீர்க்கு போன்ற கெட்டித்தோல் விதைகளை இரவு முழுவதும் ஊறவையுங்கள். தக்காளி நாற்றை 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 40 நாளிலும் பிடுங்கி, மாலையில் நடுங்கள்.

18. விதை எடுத்து வையுங்கள். வீரிய ஒட்டுரகச் செடியின் விதை அடுத்த முறை தாய்ச்செடி போல வராது; நாட்டு ரகம்தான் தலைமுறை தாண்டும். செழிப்பான செடியின் நடுப்பருவக் காயை முற்றவிடுங்கள். பீர்க்கும் சுரையும் கொடியிலேயே காயட்டும். தக்காளி விதையைச் சாறோடு இரண்டு நாள் புளிக்கவைத்து அலசி உலர்த்துங்கள். எல்லா விதையையும் விறகுச் சாம்பலில் புரட்டி, மண்கலயத்தில் போட்டுப் பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். அக்கம்பக்கத்து ஆச்சிகளிடம் விதை மாற்றிக்கொள்வது எந்தக் கடையிலும் கிடைக்காத ரகங்களைக் கொண்டுவரும்.

19. பூட்டியிருக்கும் வீட்டுக்கு மரம்தான் தோட்டம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என எங்கு பார்த்தாலும் உரிமையாளர்கள் வெளியூரில் இருக்கும் வீடுகள் உண்டு. விசேஷத்துக்கு மட்டும் திறக்கும் வீட்டில் காய்கறிப் பாத்தி நிலைக்காது. சீத்தா, மாதுளை, நெல்லி, எலுமிச்சை, கொடுக்காப்புளி நடுங்கள். முதல் இரண்டு கோடை மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஏற்பாடு செய்தால், பிறகு பெரும்பாலும் மழையே பார்த்துக்கொள்ளும். சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் பத்தடியாவது தள்ளி நடுங்கள்.

பூச்சியும் நோயும்

20. ஆடி மாதத்தில் வேப்பங்கொட்டை பொறுக்குங்கள். தெருவெங்கும் உதிர்ந்து கிடக்கும் வேப்பம்பழத்தின் சதையை நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்திச் சேமியுங்கள். தேவைப்படும்போது 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைத்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். அன்றன்று கரைத்து அன்றே பயன்படுத்த வேண்டும். கொட்டை கிடைக்காதபோது லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் போதும்.

21. பூச்சிக்கு வேறு வேலை கொடுங்கள். பாத்தி ஓரத்தில் செண்டுமல்லி நட்டால் தக்காளிக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அதில் முட்டையிடும். மண்ணில் வேரைத் தாக்கும் நூற்புழுவும் குறையும். மூலையில் ஓர் ஆமணக்குச் செடி வைத்தால் இலை தின்னும் புரோடீனியாப் புழு அங்கே கூடும். முட்டைக் குவியலோடு அந்த இலையைக் கிள்ளி எறியலாம். மஞ்சள் நிற அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வெள்ளை ஈக்கள் ஒட்டிக்கொள்ளும்.

22. மாவுப்பூச்சியைக் கண்டு பதறாதீர்கள். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழகமெங்கும் பரவிப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரியை நாசமாக்கியது. எத்தனையோ மருந்தடித்தும் அடங்காத அந்தப் பூச்சியை, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. மருந்தடித்தால் நமக்கு உதவும் இத்தகைய பூச்சிகள்தான் முதலில் சாகும். செடியில் நாலைந்து மாவுப்பூச்சி இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவுங்கள். பொறிவண்டு, தட்டான், சிலந்தி, ஓணான் தோட்டத்தில் தங்கட்டும். துளசியும் சோம்பும் பூக்க விட்டால் தேனீயும் குளவியும் தேடி வரும்.

23. நோயுற்ற செடியின் மேல் இரக்கம் வேண்டாம். வெண்டையின் இலை நரம்புகள் மஞ்சளாகப் பின்னினால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். எந்தக் கரைசலாலும் ஆறாது. செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், எருக்குழியிலும் போடாதீர்கள். ஒரே பாத்தியில் கத்தரி, தக்காளி, மிளகாயை அடுத்தடுத்து நடக் கூடாது. மூன்றும் ஒரே குடும்பம், நோய்களும் பொது. இடையில் ஒரு பருவம் தட்டைப்பயறோ அவரையோ போடுங்கள். காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் சேர்த்து மண்ணை வளப்படுத்தும்.

24. தெரிந்தவர்களிடம் கேளுங்கள். மண் ஆய்வு, நாற்று, பயிற்சி ஆகியவற்றுக்குக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தையும், செட்டிநாட்டில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வறண்ட நில ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம். விதைகளுக்கும் மாடித்தோட்டப் பொருட்களுக்கும் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். வாடிய இலையையோ பூச்சியையோ கையோடு எடுத்துப்போய்க் காட்டினால் காரணம் சரியாகத் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. இந்த வாரம் ஒரு எரு டிரம், ஒரு மண்பானை, ஒரு கீரைப் பாத்தி போதும். முளைக்கீரை மூன்று நான்கு வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். அந்த முதல் கட்டுக் கீரையில் பூச்சிமருந்து இல்லை என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரியும். குழந்தைகளையும் தண்ணீர் ஊற்ற அழையுங்கள், மிஞ்சிய காயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், கூடவே நாலு விதையும் கொடுங்கள். ஒவ்வொரு பின்கட்டிலும் ஒரு பாத்தி இருந்தால் செட்டிநாட்டு ஊர்களின் நிலத்தடி நீரும் மண்ணும் நம் உடம்பும் ஒருசேர நலம் பெறும். இன்றே தொடங்குங்கள்.